மாவு புளிக்காத வகுப்பறை

திரா பள்ளத்தாக்கின் அயித் வஸிஃப் ஊரில் ஜன்னலைத் திறந்து மூடுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் இஜ்ஜா ஒருத்திதான். பள்ளிக்கூடத்தைப் பெருக்குவதும், மணி அடிப்பதும், குழாயடியில் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் பையன்களை விலக்கிவிடுவதும்கூட அவள் வேலைதான். ஆனாலும் ஊர் அவளுக்கு வைத்த பெயர் ஜன்னல்காரி. கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டதால் கேலி சப்பென்று போய்விட்டது.

வயது நாற்பத்திரண்டு. எழுத்து தெரியாது. கணவன் ஹம்மு பதினெட்டு வருடமாகக் காஸாபிளாங்காவில் கொத்தனார். பெருநாளுக்குப் பெருநாள் வருவான். ஒரே மகள் ஸுகைனா.

இந்தப் பள்ளி வருவதற்கு முன், ஆறாவது முடித்த பெண்பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். மேலே படிக்க நாற்பது கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்குப் போக வேண்டும். பையன்கள் பேரீச்சம்பழ லாரியில் தொற்றிக்கொண்டு போனார்கள். பெண்களை யார் அனுப்புவார்கள்? நான்கு வருடத்துக்கு முன், ஏழு முதல் ஒன்பது வரை ஊரிலேயே நடத்தலாம் என்று அரசாங்கம் சொன்னது. கட்டடத்துக்குப் படம் போட நவால் என்ற சின்னப் பெண் வந்தாள். வந்தவள் சிமெண்ட் வேண்டாம், மண்ணை இடித்தே கட்டலாம் என்றதும் ஊர் ஆண்களுக்கு முகம் சுருங்கிப்போனது.

"எங்க புள்ளைங்க என்ன ஆட்டுக்குட்டியா? டவுன்காரனுக்கு சிமெண்ட், எங்களுக்கு மண்ணா?" என்று கேட்டார் பஸ்ஸு. அரசாங்கத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஓடுகிற முகத்தம் அவர்.

ஹம்மு போனில் சிரித்தான். "நான் இங்க பத்தாவது மாடியில நின்னு பேசுறேன். நீங்க அங்க மண்ணு மிதிங்க."

மண் மிதிக்கத்தான் செய்தார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஈரமண்ணைக் கொட்டி ஆண்கள் இடிக்க, பெண்கள் மண்ணும் தண்ணீரும் சுமந்தார்கள். சுவர் ஒரு முழத்துக்கும் மேல் தடிமன். மூங்கில் மாதிரியான நாணலை அடுக்கி மண் பூசிய கூரை. அதற்கு மேலே இடைவெளி விட்டு இன்னொரு நாணல் பந்தல். வெயில் அந்தப் பந்தலோடு நின்றுவிடும். வடக்குப் பக்கம் தாழ்வாகச் சில ஜன்னல்கள், கூரையை ஒட்டி உயரத்தில் சில ஜன்னல்கள். நவால் கிளம்பும்போது இஜ்ஜாவின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். அதில் சூரியன் வரைந்து பக்கத்தில் மூடிய ஜன்னல். நிலா வரைந்து பக்கத்தில் திறந்த ஜன்னல்.

முதல் வருடம் இஜ்ஜா அந்தக் காகிதத்தை நம்பவில்லை. வெயிலில் ஜன்னலை மூடினால் பிள்ளைகள் மூச்சு முட்டிப்போவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நவாலுக்குத் தெரியவா போகிறது என்று பகலிலும் ரெண்டு ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

அவளுக்குப் புத்தி சொன்னது மாவு. ஹம்மு அனுப்பிய பணத்தில் கட்டிய சிமெண்ட் அறை ஒன்று அவள் வீட்டில் நின்றது. ஊரே மெச்சிய அறை. மே மாதம் பிறந்துவிட்டால் அதற்குள் உட்கார முடியாது. ரொட்டி மாவைப் பிசைந்து வைத்தால் மதியத்துக்குள் பொங்கி, தட்டை விட்டு வழிந்து, புளித்து நாறும். ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மாவுத் தட்டைத் துணி போட்டு மூடி, பள்ளிக்கே தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசி வகுப்பறை ஆளில்லாமல் மூடிக்கிடந்தது, அங்கே வைத்தாள். மதியம் துணியை விலக்கினால் மாவு வைத்தது வைத்தபடி சாதுவாக இருந்தது. மறுநாள் ஜன்னல் திறந்திருந்த அறையில் வைத்தாள். பொங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் நீளக் கழியின் கொக்கியால் மேல் ஜன்னல்களை இழுத்துத் திறப்பாள். குளிர்ந்த காற்று இரவெல்லாம் உள்ளே உலாத்தும். சுவர்கள் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். காலையில் வெயில் சுவரைத் தொடும் முன் எல்லாவற்றையும் அடைத்துவிடுவாள். யார் சொன்னாலும் திறக்கமாட்டாள். வாத்தியார்களோடு இதற்காக நாலைந்து சண்டை.

ஸுகைனா ஒன்பதாவது முடிக்கும் வருடம் வந்தது. நகரத்துப் பெண்கள் விடுதியில் இடமில்லை என்று கடிதம் வந்துவிட்டது. ஹம்மு போனில் "போதும், ஒம்பதாவது படிச்சவ நம்ம பரம்பரையிலயே இல்ல" என்றான். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். ஊர்ப் பள்ளியிலேயே பத்து முதல் பன்னிரண்டு வரை சேர்க்க, இன்னொரு மண் கட்டடம் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். ஜூன் மாதம் மூன்று அதிகாரிகள் நேரில் வந்து, வகுப்பறைச் சூட்டை ஒரு மணி நேரம் அளப்பார்கள். முப்பது டிகிரியைத் தாண்டினால் மண் கட்டடமும் இல்லை, மேல் வகுப்பும் இல்லை.

வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை காலை இஜ்ஜா வழக்கம் போல ஜன்னல்களை அடைத்துப் பூட்டிவிட்டு ரொட்டி சுட வீட்டுக்குப் போனாள். தேர்வு முடிந்து பிள்ளைகள் இல்லை. தலைமை ஆசிரியர் விடைத்தாள்களோடு நகரத்துக்குப் போயிருந்தார். அவருடைய சாவியைப் பஸ்ஸுவிடம் கொடுத்திருந்தார்.

பதினோரு மணிக்கு ஸுகைனா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, பள்ளிக்கூடம் பூரா திறந்து கிடக்கு!"

அன்றைக்குப் பார்த்து பாலைவனத்திலிருந்து ஷெர்கி வீசிக்கொண்டிருந்தது. கண்ணில் மணல் அப்பும் அனல் காற்று. இஜ்ஜா மாவுக் கையோடு ஓடினாள்.

பெரிய வகுப்பறையின் இரண்டு கதவுகளும் அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதிருக்கக் கல் வைத்திருந்தார்கள். மேல் ஜன்னல், கீழ் ஜன்னல் ஒன்று பாக்கியில்லை. பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டுக் கம்பளம் விரித்திருந்தார்கள். வெள்ளை ஜெல்லபா அங்கி போட்டுக்கொண்டு ஊர் ஆண்கள் முப்பது பேர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கரியடுப்பு கனன்றது. அதன்மேல் தேநீர்க் கெண்டி.

"பஸ்ஸு அண்ணே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்ன பண்ணிட்டேன்? நாளைக்கு வரவேண்டியவங்க இன்னிக்கே ரெண்டு மணிக்கு வர்றாங்களாம், காலையில போன் வந்துச்சு. வீட்டுக்கு ஆள் வந்தா கதவ எல்லாம் தொறந்துவைக்கிறதுதானே நம்ம வழக்கம்? காத்தோட்டமா இருக்கட்டும்னு தொறந்துவிட்டேன். நீ போய் இன்னும் ரெண்டு கம்பளம் எடுத்துட்டு வா."

"காத்தா இது? ரொட்டி அடுப்போட வாய்க்கு நேரா ஒக்காந்துக்கிட்டு காத்தோட்டம்ங்கிறீங்க!"

சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியை ஸுகைனா படித்துச் சொன்னாள். "முப்பத்தி நாலு."

இஜ்ஜா வடக்குச் சுவரண்டை போய், உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு நடுவில் உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். சிறிது நேரம் அப்படியே நின்றாள். சுவர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சுட்டிருந்தது காற்றுதான், சுவர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எல்லாரும் எந்திரிங்க. வெளிய அத்திமர நிழலுக்குப் போங்க. அடுப்பையும் தூக்குங்க."

"தங்கச்சி, டீ இப்பத்தான் கொதி வருது" என்றார் கெண்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்.

"வெளிய கொதிச்சாலும் அது டீதான் அண்ணே."

யாரோ சிரித்தார்கள். பஸ்ஸு சிரிக்கவில்லை. "ஏய் ஜன்னல்காரி, வெளையாடாத. விருந்தாளி வர்ற நேரத்துல கதவ மூடுறவ இந்தப் பள்ளத்தாக்குல இன்னும் பொறக்கல."

"பொறந்து நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. நீங்கதான் கவனிக்கல."

"என் பேரு கெட்டுப்போகும்டி!"

"உங்க பேரு கெட்டா ரெண்டு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. பத்தாவது போச்சுன்னா எம்பொண்ணு வீட்டோட நிக்கணும். உங்க பேத்தி அடுத்த வருஷம் அவ பக்கத்துல வந்து நிப்பா."

பஸ்ஸு கம்பளத்தின் ஒரு முனையைச் சுருட்டத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஆண்கள் வெளியேறி, பெஞ்சுகள் உள்ளே திரும்பி, பதினொன்றரைக்கெல்லாம் அறை அடைபட்டது. ஒரே ஒரு கதவின் ஒற்றைப் பலகையை மட்டும் ஆள் போய்வரத் தாழிடாமல் சாத்திவைத்தார்கள். ஸுகைனா செங்கல் தரையில் தண்ணீர் தெளித்தாள். இருவரும் இருட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். அடிக்கடி எழுந்து வெப்பமானியைப் பார்க்காதே என்று இஜ்ஜா சொல்லியும் அவள் கேட்கவில்லை.

"முப்பத்தி ரெண்டு."

"ம்."

"அம்மா, முப்பத்தி ஒண்ணு. அரை மணி நேரமா அப்படியேதான் நிக்குது."

"நிக்கட்டும். சுவரு வேலை செய்யுது. நாம சும்மா இருந்தாப் போதும்."

ஆனால் சும்மா இருக்க அவளாலும் முடியவில்லை. மறுபடி மறுபடி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வண்டிச் சத்தம் கேட்டபோது முள் சரியாக முப்பதில் நின்றது.

வெளியே பஸ்ஸு அதிகாரிகளுக்குப் பாலும் பேரீச்சம்பழமும் நீட்டினார். மூவரில் பெரியவர் தாவூதி. பருத்த உடம்பு, கழுத்துப்பட்டை, கைக்குட்டையால் ஓயாமல் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். மூடிய கதவைப் பார்த்து, "உள்ள ஆள் இல்லையா?" என்றார்.

"இருக்காங்க ஐயா... அது வந்து..." பஸ்ஸு நிலத்தைப் பார்த்தபடி பேரீச்சம்பழத் தட்டை மறுபடி நீட்டினார்.

இஜ்ஜா பாதிக் கதவைத் திறந்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும். நல்வரவு. மூணு பேரும் சட்டுனு உள்ள வந்துடுங்க, வெயிலும் உங்க பின்னாடியே வருது."

அவர்கள் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். பஸ்ஸு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"கதவச் சாத்திக்கிட்டு விருந்தாளிய வரவேக்கிற ஊர இப்பத்தான் பாக்குறேன் லல்லா" என்று மரியாதைச் சொல்லால் அழைத்தார் தாவூதி.

"விருந்தாளி நீங்கதான். வெயில் இல்லையே."

தாவூதி கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்றார். பிறகு கைக்குட்டையைப் பார்த்தார், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உதவியாளர் ஒருவர் மேசையில் கருவியை வைத்து, இன்னொன்றை வெளியே நிழலில் தொங்கவிட்டு வந்தார். வெளியே நாற்பத்தி ஒன்று. உள்ளே இருபத்தி ஒன்பதரை.

"இங்க எங்கயாவது குளிர்சாதனம் ஓடுதா?" தாவூதி சந்தேகமாகக் கூரையைப் பார்த்தார்.

"கரண்டு ஒரு வாரமா வரல" என்றாள் ஸுகைனா.

"அப்ப எந்த நேரத்துல எந்த ஜன்னல்னு உங்களுக்கு எப்படித் தெரியும் லல்லா? கருவி படிப்பீங்களா?"

"எனக்கு எழுத்தே படிக்கத் தெரியாது. மாவு வச்சுப் பாத்துக்குவேன்." ரொட்டி மாவின் கதையை அவள் சொன்னாள். சொல்லும்போதுதான் கையில் காய்ந்து ஒட்டியிருந்த மாவைக் கவனித்து, பின்னால் மறைத்துக்கொண்டாள். தாவூதி உதவியாளரிடம், "இதையும் எழுதிக்கோ" என்றார். அவர் சிரித்தபடி எழுதினார்.

ஒரு மணி நேரம் முடிந்தபோது கருவி இருபத்தி எட்டரை காட்டியது. உதவியாளர்கள் சாமான்களைக் கட்டினார்கள். தாவூதி மட்டும் பெஞ்சில் சாய்ந்தபடி, "ஒரு மணி நேரம் போதாது. இன்னும் ஒரு மணி நேரம் அளந்தாத்தான் கணக்கு சரியா இருக்கும்" என்றார். காலணியைக் கழற்றினார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது.

இஜ்ஜா கதவை விரல் அளவு திறந்து பஸ்ஸுவை உள்ளே பார்க்க விட்டாள். அவர் எட்டிப் பார்த்து, வாயில் கைவைத்துக்கொண்டு, பூனை மாதிரிப் பின்வாங்கிப் போய் மரத்தடியில் எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். அத்திமரத்தடியில் முப்பது பேர் ஓர் அதிகாரியின் தூக்கத்துக்காகக் கிசுகிசுத்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

செப்டம்பரில் அனுமதி வந்தது. கட்டடம் எழும்பும் வரை பத்தாவது வகுப்பு பழைய கட்டடத்தின் சாமான் அறையில் நடந்தது. ஒன்பது பெண்கள், ஏழு பையன்கள். ஸுகைனா வடக்கு ஜன்னலோரம் இடம்பிடித்தாள்.

பெருநாளுக்கு வந்த ஹம்மு தன் சிமெண்ட் அறையில் ஒரு மதியம் படுத்துப் பார்த்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். "வேலைக்குத்தான் வந்தேன்" என்றான், யாரும் கேட்காமலே. புதுக் கட்டடத்தின் கல் அஸ்திவாரத்தைப் பத்து நாள் அவனே கட்டினான். மண் நிற்குமா, மழை வந்தால் என்ன, கல்லின் மட்டம் சரியில்லை என்று பத்து நாளும் முணுமுணுத்தான். அவன் வைத்த மட்டம் நூல் பிடித்தாற்போல இருந்ததாக நவால் சொன்னாள்.

நவால் படத்தை விரித்து, வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா என்று ஊரைக் கேட்டாள். பஸ்ஸு கதவு ஒன்றைப் பெரிதாக்கலாம் என்றார். இஜ்ஜா அவரைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார். அவளுக்கு ஒரு விண்ணப்பம் இருந்தது. நடைவழியில், வடக்குச் சுவருக்குள் இடுப்பு உயரத்தில் ஒரு மாடம். அகலம் இரண்டு சாண்.

"விளக்கு வைக்கவா?" என்று நவால் கேட்டாள்.

"மாவுத் தட்டு வைக்க" என்றாள் இஜ்ஜா.