தேசப்பனின் நான்காம் பதிப்பு

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நிற்கும்போது தேசப்பன் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்ததுமே, "எங்கடா போய்த் தொலைஞ்ச? பத்து மணிக்கு மீட்டிங்" என்று கத்தினேன். "அண்ணாத்த, நான் அவரு தம்பி முருகன். அண்ணன் காலைல எழுந்துக்கவே இல்ல" என்றது குரல். தேசப்பனிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தத் திட்டுதான் என்றே இன்னும் தோன்றுகிறது.

செங்கல்பட்டு ஆபீசில் அவனோடு வேலை பார்த்த உங்களுக்கு அவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன். கரையோரக் குப்பங்களுக்குத் தினமும் காலையில் அலை உயரம் சொல்லிப் போகும் செய்தி, அவன் எழுதிய கணினி நிரலின் வேலை. அதைப் பார்த்துத்தான் முருகன் படகை இறக்குவான்.

ஒருமுறை நிரல் நின்றுவிட்டது. தனக்கு வேண்டிய சில கணக்குகளை அது வெளியே இருக்கும், பல நிரல்களுக்கும் பொதுவான லைப்ரரி கோப்புகளிலிருந்து வாங்கிக்கொள்ளும். அன்று அலைக் கணக்குக் கோப்பின் நான்காம் பதிப்பைக் கேட்டது; சர்வரில் ஐந்துதான் இருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. ஐந்துக்கே நான்கு என்று பெயர் ஒட்டினேன். ஓடியது. தேசப்பன் டீயோடு வந்து திரையைப் பார்த்தான். ஐந்தில் அலையின் உயரமும், இரண்டு அலைகளுக்கு நடுவே ஆகும் நொடிகளும் இடம் மாறியிருந்தன. சும்மா கிடந்த கடலுக்கு ஒன்பது மீட்டர் அலை.

"இன்னா மச்சான், எங்க ஊரையே மலைமேல ஏத்தப் பாக்குறியா?"

"ஓடுது இல்ல?"

"ஓடும். 'நாலு, வா'ன்னு அது கூப்டுச்சு. நீ அஞ்சுக்குச் சட்டைய மாத்தி அனுப்பிக்கீற. அதுக்கு மூஞ்சி தெரியாது, பேர்தான் தெரியும்."

பழைய நான்கைத் தேடிப் பிடித்து அவனே வைத்தான்.

அவனை அடக்கம் செய்த மறுவாரம், அவனுடைய லாகினை நீக்கச் சொன்னார்கள். ஒரே கட்டளையில் அவன் கோப்புகளோடு சேர்த்து நீக்கினேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. முருகன் கூப்பிட்டான்.

"அண்ணாத்த, அலை கம்மின்னு மெசேஜ் வந்துகீது. இங்க கரையில நிக்கவே முடியல. மூணு படகு ரெடியா கீது. இன்னா சொல்றது?"

"இறங்காதீங்க" என்றேன். பிறகுதான் நிரல் எந்தக் கோப்பை எடுக்கிறது என்று பார்த்தேன். கோப்பை எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியலில் முதல் வரி தேசப்பனின் ஹோம் ஃபோல்டர், அவன் லாகினோடு நான் அழித்த அவனுடைய சொந்த இடம். கரையருகே அலை எழும்புவதையும் சேர்த்துத் திருத்திய நான்கை அங்கே வைத்திருந்தான். ஃபோல்டர் போனதும் இயங்குதளம் அடுத்த இடத்துக்குப் போய், அதே பெயரில் கிடந்த, திருத்தாத நான்கை எடுத்துக்கொண்டது. பெயர் பொருந்தியது. அதற்கு அது போதும்.

திருத்தியதற்குப் புது எண் கொடுத்திருக்க வேண்டும். அவன் கொடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. செத்துவிட்டான் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். பார்க்காமல் அழித்தவன் நான்.

பேக்கப்பிலிருந்து மீட்டு, தனி எண் கொடுத்து, பொது இடத்தில் வைத்தேன். அந்தப் புது எண்ணையே கேட்கும்படி நிரலையும் மறுபடி கட்டினேன். அப்போதே பட்டியலின் முதல் வரியை நீக்கியிருக்கலாம். அதுதான் முறை. நீக்கவில்லை. அவனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான். தினமும் காலையில் நிரல் முதலில் தேசப்பனின் இடத்துக்குப் போகிறது. அப்படி ஓர் இடம் இல்லை என்று பதிவாகிறது. அதைப் படித்துவிட்டு முருகனைக் கூப்பிட்டு, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். அவன் சொன்ன பிறகுதான் செய்தியை அனுப்புகிறேன்.