ஒயின் ஷாப் வாசலில் அவித்த முட்டை

எனக்குச் சுகர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?" என்பதுதான். உயிரைப் பற்றி நினைக்கவே இல்லை. நான் பஸ் டிரைவர். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு புதிதாக வந்திருந்த சமயம் அது. அங்கிருந்து வாடிப்பட்டிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போனவன். ஸ்டியரிங்கைத் தொடவே பல வருஷம் காத்துக் கிடந்தவன். அந்த சீட்டை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவருக்கும் சுகர். விஷயம் தெரிந்த வாரமே முதலாளி அவரை இறக்கிவிட்டார். அவருக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் முதலாளி, பின்னால் வருவது வரட்டும் என்று வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் தூங்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். அவர் இறங்கிய சீட்டில்தான் நான் ஏறினேன். அதனால் என் வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாத்திரை போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சுகர் இறங்கி மயக்கம் வந்துவிடும், சோறு, இட்லி, பரோட்டா எல்லாம் குறைக்க வேண்டும், முட்டை, பயறு, கீரை, காய் நிறையச் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. நான் சாப்பிடும் நேரத்தை முடிவு செய்கிறவர், வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடுகிற டைம் கீப்பர். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் ஒண்ணுக்குப் போய்விட்டு முகம் கழுவினால் நேரம் சரியாகிவிடும். அதற்குள் ஓடிப்போய்ப் பார்த்தால் கடைகளில் இருப்பது பொங்கல், பூரி, வடை, தக்காளிச் சாதப் பொட்டலம். எந்தக் கடையில் எட்டிப் பார்த்தாலும் அரிசியும் மாவும்தான். மனுஷனுக்கு அவசரம் என்றால் மாவைத்தான் தின்ன வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டதுபோல எனக்குத் தோன்றும்.

வீட்டிலிருந்து கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரி விடியும் முன்பே எழுந்து பாசிப்பயறும் பீன்ஸ் பொரியலும் செய்து கொடுத்தாள். எங்கள் வண்டியில் என்ஜின் என் பக்கத்திலேயே இருக்கும். அதன் மூடிமேல் கை வைத்தால் சுடும். பை வைக்க அதன் ஓரத்தை விட்டால் இடம் கிடையாது. டப்பாவை மத்தியானம் திறந்தால் பயறு நூல் விட்டிருக்கும். ஒருநாள் தெரியாமல் தின்றுவிட்டு சாயங்காலம் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அதற்குப் பிறகு டப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து உப்பு பிஸ்கட். நாக்கில் உப்பாகத்தானே இருக்கிறது, அதில் சீனி எங்கிருந்து வரும் என்று நினைத்து தினமும் ஒரு பாக்கெட் தின்றேன். ராத்திரிக்குச் சப்பாத்தி. கோதுமை என்றால் அது மருந்து மாதிரி, எத்தனை தின்றாலும் ஒன்றும் செய்யாது என்று தெருவில் சுகர்க்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆசைதீரத் தின்றேன். அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது முன்னைவிடக் கூடியிருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு, பிஸ்கட்டும் மாவுதான், சப்பாத்தியும் மாவுதான் என்று சத்தம் போட்டார். ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது.

டீயை முழுசாக விட்டுவிட்டேன். சீனி இல்லாமல் ஒரு டீ என்று மெதுவாகச் சொன்னாலும் மாஸ்டர் அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்வார். அங்கே நிற்கிறவர்கள் பாதிப்பேர் பஸ்காரர்கள். மறுநாளே முதலாளி காதுக்குப் போய்விடும். மோர் குடித்தேன். ஜன்னலில் விற்கிற வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றேன். பரவை தாண்டுவதற்குள் பசித்துவிடும். பசி வந்தால் இது பசியா, சுகர் இறங்குகிறதா என்று சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் சுகர்தான் என்று முடிவு செய்துவிடுவேன். இப்படி எனக்கு நானே வியாதி மேல் வியாதி சேர்த்துக்கொண்டு ஓட்டினேன்.

வாடிப்பட்டியில் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்க இடம் தேடிப் போனபோதுதான் அந்தச் சந்து கண்ணில் பட்டது. உள்ளே ஒரு ஒயின் ஷாப். வாசலில் ஒரு அக்கா பெரிய பேசினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவித்த முட்டையை இரண்டாகக் கீறி மிளகுப்பொடி தூவியது, கொண்டைக்கடலைச் சுண்டல், ஈரல் வறுவல். கேட்ட உடனே இலையில் வைத்துக் கொடுக்கிறது. நின்றபடியே தின்றுவிட்டு வந்துவிடலாம். டாக்டர் சொன்னவற்றில் பாதி அந்த ஒரே பேசினில் சூடாக இருந்தது. குடிகாரர்களுக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

நான் குடிக்கிறவன் இல்லை. பண்டிகைக்குக்கூடத் தொட்டதில்லை. மாத்திரையை முழுங்கிவிட்டு, விறுவிறுவென்று போய் இரண்டு முட்டையும் ஒரு கை சுண்டலும் தின்றுவிட்டு வந்துவிடுவேன். நாலைந்து நாள் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்டது.

"உள்ள போகாம முட்டைய மட்டும் தின்னுட்டுப் போற ஆளு நீங்க ஒருத்தர்தேண்ணே. வீட்டுலயே ஊத்திட்டு வந்துருவீகளா?"

சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சாப்பாட்டில் இருந்த நாட்களில் எனக்கு மயக்கம் இல்லை, நடுக்கம் இல்லை. டாக்டரும் பரவாயில்லை என்றார். ஆனால் காக்கிச் சட்டையோடு ஒயின் ஷாப் சந்துக்குள் போகிற டிரைவரை ஊர் சும்மா விடுமா?

எங்கள் வண்டியின் கண்டக்டர் என்னைவிடச் சின்னவன். மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் வண்டி கிளம்பும் முன்னால் என் பக்கம் வந்து நின்றான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீகளே. மத்தியானம் மட்டும் வேணாம்ணே. ராத்திரி வண்டிய விட்டுட்டு எம்புட்டு வேணாலும் ஊத்துங்க."

"என்னடா மாப்ள பேசுற? நான் முட்டை திங்கப் போறேன்."

"எல்லாரும் முட்டை திங்கத்தேண்ணே போறாக" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினான்.

அன்றைக்கு முழுக்க எனக்கு வண்டியில் மனசு ஒட்டவில்லை. பேச்சு அதற்குள் ஆனையூரில் எங்கள் தெரு வரை வந்திருந்தது. குழாயடியில் யாரோ என் வீட்டுக்காரியிடம் துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டிருக்கிறார்கள். போய் எல்லாரிடமும் நான் குடிப்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்று குதித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"குடிக்கலன்னு சொல்லுவீக. பின்ன எதுக்கு தெனமும் அங்க போய் நின்னீகன்னு கேப்பாகல்ல? அதுக்கு என்ன சொல்லுவீக?"

குடிக்கிறேன் என்றால் மானம் போகும். சுகர் என்றால் சீட்டு போகும். அதனால் சந்துக்குப் போவதை நிறுத்துவதுதான் வழி என்று முடிவு செய்தேன்.

நிறுத்திய முதல் நாளே வந்தது வினை. வாடிப்பட்டி நெருங்கும்போது மாத்திரையை முழுங்குவது கைப்பழக்கமாகிவிட்டது. இறங்கின பிறகுதான் இன்றைக்கு முட்டை இல்லை என்பது உறைத்தது. ஒரு கொய்யாப்பழமாவது வாங்கலாம் என்று தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை. வடையையும் பிஸ்கட்டையும் டாக்டர் போட்ட சத்தத்துக்குப் பிறகு நான் தொடுவதில்லை. சந்து முனையில் வேறு வண்டி டிரைவர்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள். போய் ஒரு முட்டையைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். கால் வரவில்லை. டைம் கீப்பர் அவசரப்படுத்தினார். மாட்டுத்தாவணி போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் உதடு மரத்தது. காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. நகரிக்கு முன்னால் ரோடு ஒரு இடத்தில் வளையும். அந்த வளைவில் நான் திரும்பினது எனக்கு நினைவில் இல்லை. அடுத்து நினைவில் இருப்பது வண்டி ஒரு டீக்கடை ஓரம் நிற்பதும், கண்டக்டர் என் கன்னத்தைத் தட்டுவதும்தான்.

பின்னாலிருந்து ஒரு ஆள், பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான், இறக்கி நாலு போடு போடுங்கள் என்று கத்தினார். எனக்கு நாக்கு புரளவில்லை. அது வேறு குடித்தவன் பேச்சு மாதிரியே இருந்தது. கண்டக்டர் என் வாய்ப்பக்கம் குனிந்து மோந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"வாடையே இல்லையே. என்னண்ணே செய்யுது?"

"சீனி" என்றேன். "சீனி குடு மாப்ள."

டீக்கடையில் சீனி டப்பாவையே வாங்கி வந்து வாயில் போட்டான். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. கூட்டத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், பிள்ளையின் தலையைக் கையால் மூடியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த வண்டியில் எல்லாரையும் ஏற்றிவிட்டோம்.

நான் சரியாக ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்தினேன் என்று கண்டக்டர் பலமுறை சொன்னான். யாரிடமும் சுகர் என்று சொல்லமாட்டேன் என்றும் சொன்னான். எனக்கு அந்த வளைவுதான் மனசில் நின்றது. அத்தனை பேரை வைத்துக்கொண்டு அந்த வளைவில் வண்டியை யார் திருப்பினார்கள்?

சாயங்காலம் முதலாளியைப் பார்க்க ஷெட்டுக்குப் போனேன். அவருக்கு அதற்குள் சேதி போயிருந்தது. என்னைக் கண்டதும் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"குடிச்சிருந்தியா?"

"இல்ல மொதலாளி. சுகரு. ஒரு வருசமா இருக்கு. மாத்திரைய போட்டுட்டுச் சாப்பிடாம எடுத்துட்டேன்."

அவர் காற்றுக் குழாயைக் கீழே போட்டார்.

"குடிச்சேன்னு சொல்லியிருந்தாக்கூட ரெண்டு நாள் நிப்பாட்டி வச்சுட்டு ஏத்திருப்பேன்ப்பா. இதுக்கு நான் என்ன செய்ய?"

சாவியை அவர் கேட்கவில்லை. நானே பலகையில் மாட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பி, ஷெட்டிலேயே டீசல் போடுகிற வேலைக்கும் வண்டி கழுவுகிற பையன்களை மேய்க்கிற வேலைக்கும் வரச் சொன்னார். போனேன்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குக் கஷ்டமே இருக்கவில்லை. என் வீட்டுக்காரி மத்தியானம் கீரையும் முட்டையும் ஒரு கரண்டி சோறும் ஷெட்டுக்கே சூடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர், இதே மாதிரி இருங்கள் என்று தட்டிக்கொடுத்தார். வீட்டில் அவள் கேட்டாள், இம்புட்டு நல்லா வந்திருக்கு, இன்னமும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று. சோறு இறங்குகிறது, ஆனால் தூக்கம் வருவதில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சில மாதம் கழித்து ஒருநாள் புது டிரைவருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் வரவில்லை. வண்டி கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. முதலாளி ஷெட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு நடை மட்டும் எடுத்துட்டு வந்துருவியா?"

அந்தக் கேள்விக்காக எத்தனை மத்தியானம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. கை தானாகச் சாவிப் பலகையின் பக்கம் போய்விட்டது. அப்புறம் கேட்டை எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி இன்னும் வந்திருக்கவில்லை.

"மாத்திரைய போட்டுட்டேன் மொதலாளி" என்றேன். "சாப்பாடு இன்னும் வரல."

அவர் தலையை ஆட்டிவிட்டு, வேறு ஆள் பிடிக்க ரோட்டுப் பக்கம் நடந்தார்.