பின் சீட்டு வேலை

நாத்தனார் வாயால் அண்ணிக்கு நல்ல பேர் கிடைப்பது குதிரைக் கொம்பு. இன்றைக்கு ஒரு தடவை அந்த வழக்கத்தைக் கெடுக்கிறேன். என் அண்ணி தையல்காரி. திரைச்சீலையோ சோபா உறையோ பள்ளிச் சீருடையோ, எது வந்தாலும் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு முடித்துவிடுவார். பேச்சு குறைவு, பேசினால் வெட்டு ஒன்று, துண்டு ரெண்டு. நாற்பதைத் தாண்டியபின் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆசைப்பட்டு ஒன்றும் இல்லை.

என் அண்ணன் பேக்கரியில் மாஸ்டர். பேக்கரி குன்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் வளைவும் நெளிவுமான ரோடு, பஸ் கிடையாது. அண்ணனுக்கு ஒரு கண்ணில் பார்வை போனதும், வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்படியில் நிற்கத் தடையில்லை, ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. வேலையை விட்டால் இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்தே உருக்குலைந்து போவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு, தானே ஓட்டுவதாகச் சொன்னார்.

பாடம் தையல் மேஜைமேல் ஆரம்பித்தது. அண்ணன் அளவு நாடாவை வளைத்துப் போட்டு அதுதான் ரோடு என்றார். நூல் சுற்றிய பாபின் வண்டியாயிற்று. ரோடு நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கிவிட வேண்டும். வளைவுக்குள் போனபின் பிரேக்கைப் பிடித்து இறுக்கக் கூடாது, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் நமக்கு வேண்டாம். எதிர்வண்டிக்கு உரிய பாதையில் துளிகூட நுழையக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசிப் பாடத்தில்தான் அண்ணி திணறினார். ஊசியையே பார்த்துப் பழகிய கண், முன்சக்கரத்தைவிட்டு நகர மாட்டேன் என்றது. காலி மைதானத்தில் ஒரு குழியைப் பார்த்தால் நேராகக் குழிக்கே போவார். அண்ணன் கத்துவார், அண்ணி முறைப்பார், நான் இருவருக்கும் தண்ணீர் கொடுப்பேன். கடைசியில் அண்ணன் வளைவு முடிகிற இடத்தில் தானே போய் நின்றுகொண்டு, தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். வண்டி பிசகாமல் வந்து சேர்ந்தது. அந்த மூஞ்சியால் கிடைத்த முதல் பிரயோஜனம் இதுதான் என்றேன். அதற்கு இருவரும் ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள்.

லைசென்ஸும் வந்தது. அண்ணி தனியாகக் குன்று ரோட்டில் போய்வந்தபோது நான் ஸ்கூட்டரில் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு வளைவிலும் பிசிறில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் பின்னால் ஏறினார், எல்லாம் தலைகீழாகிவிட்டது. முதல் பெரிய வளைவிலேயே வண்டி திரும்ப மறுத்து, வெளிப்பக்கம் ஒதுங்கி நடுக்கோட்டைத் தொட்டது. எதிரே வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓரம் கட்டியதால் தப்பித்தார்கள். அப்படியே திரும்பி வந்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணியைக் குறை சொல்லவில்லை. நாளைக்கே முதலாளியிடம் சொல்லி வேலையை விட்டுவிடுவதாக மட்டும் சொன்னார்.

அண்ணி என்னைக் கூப்பிட்டுப் பின்னால் ஏறச் சொன்னார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். அதே வளைவு. அண்ணி சாய்ந்த பக்கமே நானும் சாய்ந்தேன், பயத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. வண்டி அலுங்காமல் திரும்பிவிட்டது. அண்ணி வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார்.

"தப்பு ஓட்டறதுல இல்லீங்க. வண்டி சாயறப்ப நீங்க வெறப்பா நிமிந்துக்கறீங்க. அப்புறம் எப்படித் திரும்பும்?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. வண்டி வாங்கிய நாளிலிருந்து முன்சீட்டைத் தவிர வேறு சீட்டு அறியாதவர். "பின்னாடி உக்கார்றதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

"பின்ன? இத்தனை வருஷமும் நான் சும்மாவா உக்காந்து வந்தேன்?"

அப்புறம்தான் விவரமாகச் சொன்னார். வளைவு வருகிறது என்றால் திரும்புகிற பக்கத்துத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பாராம். முழங்காலை அண்ணன் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, அவர் சாய்கிற அளவுக்குச் சாய்வாராம், கூடவும் மாட்டாராம், குறையவும் மாட்டாராம். தன் கைக்கு வண்டி வளைவில் வெண்ணெய் மாதிரித் திரும்பும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் என் அண்ணன். எந்தத் தோள், எவ்வளவு சாய்வு என்று திரும்பக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மனசு கேட்காமல் நானும் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். வளைவுக்கு முன்பே அண்ணி வேகத்தைக் குறைத்தார். அண்ணன் தலை அண்ணியின் தோளுக்கு மேலே மெல்ல எழும்பியது. இரண்டு ஹெல்மெட்டும் ஒரே பக்கம் சாய்ந்தன. அடுத்த வளைவிலும் அப்படியே. பேக்கரி வாசல் வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே தெரியாது.

அண்ணன் இறங்கி நின்றார். ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியவில்லை. அண்ணி ஒரு கையால் கழற்றிவிட்டார்.

"பின்னாடி உக்காந்தா இவ்ளோ பயமா இருக்குமா? உனக்குப் பயமே இருந்ததில்லையா?"

"ஒவ்வொரு வளைவுலயும் இருந்துச்சு," என்றார் அண்ணி. "நான் பயந்து நிமிந்தா உங்களால திருப்ப முடியாதே. அதான் சாஞ்சேன்."