பதினொரு ஊர்த் தூள்

நான் வேலை பார்த்த தனியார் கல்வி நிலையம் மூடப்பட்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. பதினேழு வருடம் அங்கே பிள்ளைகளின் வரவு இடாப்பு எழுதியிருந்தேன். பிள்ளைகள் வீட்டிலிருந்தே போனில் படிக்கத் தொடங்கியதும் வாங்குகளும் மேசைகளும் ஒரு லொறியில் ஏறிப் போயின. நான் சைக்கிளில் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தேன். வேறு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்ததில், கறித்தூள் வறுக்கத் தெரியும் என்பதுதான் மிஞ்சியது. அது எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்த காரியம்.

அந்த நாட்களில் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி ஒன்று நடந்தது. போனேன். நடத்தியவர் இளம் உத்தியோகத்தர், உற்சாகமான பெண். ஆளுக்கொரு படிவம் தந்து தொழில் திட்டம் எழுதச் சொன்னார். அதில் ‘உங்கள் உற்பத்தியின் தனித்துவம்’ என்று ஒரு பெட்டி இருந்தது. நான் நேர்மையாக ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெட்டியை அப்படி விட முடியாது, யோசித்து ஏதாவது எழுதுங்கள் என்றார். எனக்குப் பக்கத்தில் சவர்க்காரம் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் ‘சுத்தமானது’ என்று எழுதியிருந்தார். நானும் அதையே எழுதினேன். மூன்றாம் நாள் எல்லாரும் எழுந்து வாசித்தபோதுதான் தெரிந்தது, ஆடு வளர்க்கிறவர் உட்பட முக்கால்வாசிப் பேர் அதையே எழுதியிருந்தோம்.

வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் தொடங்கினேன். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகப் பெரிய தாச்சியில் வறுத்து, ஆறவைத்து, பையில் கட்டிப் பக்கத்து ஊரான திருநெல்வேலி மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவேன். மிளகாய் வறுக்கிற நாட்களில் ஒழுங்கை முழுவதும் தும்மியது. என் கணவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு புகையிரத நிலையத்து வாங்கில் போய் இருந்துவிடுவார். ஸ்ரேசன் மாஸ்ரர், இவர் யாரையோ கூட்டிப்போக வருகிறார் என்று நினைத்து, ரெயில் தாமதமாகும் போதெல்லாம் வந்து மன்னிப்புக் கேட்டாராம்.

பொதிசெய்ய என் கணவரின் தங்கை வந்தாள். அடுத்த வளவில் இருக்கிறவள். நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். கையில் எடுத்தால் நிறுக்கத் தேவையில்லை, அவ்வளவு கணக்கான கை. எந்த விடயத்தையும் பாதி மனதோடு செய்யத் தெரியாதவள். பின்னால் வந்த சங்கடத்தில் பாதி அதனால் வந்தது.

முதல் வெளிநாட்டு ஓடர்கள் இரண்டும் கனடாவிலிருந்து ஒரே வாரத்தில் வந்தன. இரண்டு பேருக்கும் ஒரே பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. பார்சல் மாறிவிடக்கூடாது என்று ஒருவருடைய பைக்கற்றுகளில் மார்க்கர் பேனையால் ‘காரைநகர்’ என்றும், மற்றவருடையதில் ‘வட்டுக்கோட்டை’ என்றும் எழுதினேன். அவரவர் எந்த ஊர் ஆள் என்ற அடையாளத்துக்கு மட்டும்தான். உள்ளே இருந்தது ஒரே தாச்சியில் ஒரே நாள் வறுத்த தூள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு காரைநகர்க்காரர் போன் எடுத்தார்.

“அக்கா, ஊரை விட்டு வந்து இருபத்தெட்டு வருசம். உந்தத் தூளைப் போட்டுக் கணவாய்க் கறி வைச்சன். எங்கடை அம்மா அடுப்படியிலை நிண்ட மாதிரி இருந்தது. காரைநகர்த் தூளின்ரை குணம் வேறை எந்த ஊருக்கும் வராது.”

அது கொக்குவிலில் வறுத்து, திருநெல்வேலியில் அரைத்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் மூக்கைச் சீறினார். அழுகிற மனிதனிடம் மில் விபரம் சொல்வது எப்படி? “சந்தோசம் தம்பி” என்று வைத்துவிட்டேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. நாலு பேருக்குச் சொல்ல, அவர்கள் நாற்பது பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அளவெட்டித் தூள் இருக்கிறதா, சாவகச்சேரித் தூள் இருக்கிறதா, பருத்தித்துறைத் தூள் எப்போது வரும் என்று லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. தூள் இருந்தது. சாவகச்சேரியில் இருந்து வந்ததா என்று யாரும் கேட்கவுமில்லை.

மனம் குறுகுறுத்ததால் பயிற்சி நடத்திய உத்தியோகத்தரிடம் போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோப்புகள் அடுக்கிய இறாக்கையிலிருந்து என் பழைய படிவத்தைத் தேடி எடுத்து, ‘சுத்தமானது’ என்பதை வெட்டினார்.

“அக்கா, உங்கடை தனித்துவம் உதுதான்” என்றார்.

“தங்கச்சி, எல்லாம் ஒரே தூள்.”

“ஓம், அது உற்பத்தி. நான் சொல்லுறது சந்தைப்படுத்தல்.”

அடுத்த கிழமை பதினொரு ஊருக்கு லேபிள் அடித்தோம்.

தொழில் வளர்ந்தது. கொட்டிலை நீட்டி, வறுக்க இரண்டு பெண்களைச் சேர்த்தேன். மச்சாள் சுவரில் பதினொரு தட்டு அடிப்பித்து, ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர் ஒட்டினாள். ஒரே பாத்திரத்திலிருந்து அள்ளித்தான் பதினொன்றையும் நிரப்புவாள். நிரப்பிய பிறகு ஒன்றை மற்றத் தட்டில் வைக்க விடமாட்டாள். ஒருநாள் அவசரத்தில் நான் வட்டுக்கோட்டைப் பைக்கற்றை உரித்து அளவெட்டி லேபிளை ஒட்டப் போனேன். கையைப் பிடித்துவிட்டாள்.

“மச்சாள், சனம் நம்பி வாங்குது. உப்பிடிச் செய்யாதேங்கோ.”

பகிடி விடுகிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. அந்த மாதத்திலிருந்து அவள் தன் வீட்டுச் சமையலுக்குச் சாவகச்சேரித் தூளை மட்டும் எடுத்துப் போகத் தொடங்கினாள். ஏனென்று கேட்டேன். மற்றதுகள் தன் மனுசனுக்கு நெஞ்செரிகிறதாம்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் காரைநகர்க்காரரின் மனைவிக்கு ஊர் அளவெட்டி. அவரும் தன் ஊர்த் தூளை எடுப்பித்தார். அதோடு அந்த வீட்டில் இரண்டு போத்தல், பிறகு இரண்டு சட்டி, கடைசியில் இரண்டு சாப்பாட்டு நேரம் என்று ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீடியோவில் வந்தார்கள். மேசையில் இரண்டு கோப்பை மீன்குழம்பு இருந்தது. எது நல்ல தூள் என்று வறுத்த நீங்களே சொல்லுங்கள், சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்றார்கள். முகங்களைப் பார்த்தால் அது தூளோடு முடிகிற சண்டையாகத் தெரியவில்லை. நான் அடித்த லேபிள் ஒரு வீட்டைப் பிரிக்கிறதே என்று பயந்துபோய், உண்மையைச் சொன்னேன்.

“தம்பி, தங்கச்சி, இரண்டும் ஒண்டுதான். ஒரே தாச்சி. ஊர் பேர் லேபிளிலை மட்டும்தான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு காரைநகர்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எங்களைச் சமாதானப்படுத்தத்தானே சொல்லுறியள், அக்கா. உங்கடை நல்ல மனம் எங்களுக்கு விளங்குது.”

நான் மச்சாளைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னேன். அவள் போனுக்கு முன்னால் வந்து நின்று, காரைநகர்த் தூளில் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்றாள். அதோடு என் உண்மை செத்துப்போயிற்று.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. அப்படியென்றால் பொய்யை மெய்யாக்குவதுதான் வழி என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு ஊராகப் போய், அங்கே எப்படி வறுக்கிறார்கள் என்று கேட்டு, அதன்படி வறுத்தால் லேபிளில் எழுதியது உண்மையாகிவிடும். காரைநகரில் தொடங்கினேன். கனடாவில் இருந்த காரைநகர்த் தம்பியே தன் அக்காவின் விலாசத்தைத் தந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, அம்மாவின் கைப்பக்குவம் அப்படியே இருக்கும் என்றார்.

பஸ்ஸில் போனேன். ஆசிரியை மரியாதையாக இருக்கச் சொல்லி, தேத்தண்ணி தந்து, நான் கேட்டதைக் கவனமாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பைக்கற்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். என் லேபிள்.

“நான் இப்ப வறுக்கிறேல்லைப் பிள்ளை. முட்டு இழுக்குது, புகை பட்டா மூச்சு விடேலாது. தம்பிதான் கனடாவிலை இருந்து உதை அனுப்புறவன். அசல் காரைநகர்த் தூள். இஞ்சை இப்ப உப்பிடிக் கிடைக்காது.”

என் கொட்டிலிலிருந்து அவர் வீட்டுக்கு ஓட்டோவில் ஒரு மணித்தியாலம் ஆகாது. அந்தப் பைக்கற் கனடா போய்த் திரும்பி வந்திருந்தது. அதை வறுத்தவள் நான்தான் என்று சொல்லலாம்போல் வந்தது. ஆனால் அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு முன்னால் நீட்டிய விதத்தில் ஒரு பெருமை இருந்தது. நானும் முகர்ந்தேன். நல்ல மணமாகத்தான் இருந்தது.

ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. அம்மா எப்படி வறுத்தவ என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்து, மிளகு எவ்வளவு, கறிவேப்பிலை எப்போது, வெந்தயம் எந்த நிறத்தில் இறக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதிக்கொண்டு வந்து அப்படியே வறுத்தேன். வேறு தாச்சி, மில்லிலும் வேறாக அரைப்பு. முதல்முறையாக ஓர் உண்மையான காரைநகர்த் தூள் எங்கள் கொட்டிலில் இருந்தது. மச்சாள் அதைக் காரைநகர்த் தட்டில் வைக்க மறுத்தாள். புதிதாக ஒரு தட்டு அடிக்கவேண்டும் என்றாள். நான் அதட்டி வைப்பித்தேன்.

தம்பிக்குப் பார்சல் போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் போன் வந்தது. இந்த முறை அழவில்லை.

“என்ன அக்கா நடந்தது? உது எங்கடை ஊர் இல்லை. ஆரோ உங்களை ஏமாத்திப் போட்டினம்.”

அவருடைய அம்மா வறுத்த முறைதான், அவருடைய அக்காவே சொல்லித் தந்தது என்றேன். அக்காவுக்கு வயது போய்விட்டது, மறந்திருப்பா என்றார். மற்றக் காரைநகர்க்காரர்களும் ஒவ்வொருவராக எழுதினார்கள். ஊர் மாறிப்போய்விட்டது, போருக்கு முந்தின குணம் இல்லை, வியாபாரம் பெருத்ததும் தரம் விழுந்துவிட்டது என்றெல்லாம் இருந்தது. ஒருவர் மட்டும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். விசாரித்தால் அவர் பருத்தித்துறைக்காரர், பார்சல் மாறிப் போயிருந்தது.

அளவெட்டிக்கும் வட்டுக்கோட்டைக்கும் போகிற திட்டத்தைக் கைவிட்டேன். பழைய ஒரே தூளுக்குத் திரும்பினேன். காரைநகர்க்காரர்கள் சமாதானமானார்கள். மனச்சாட்சிக்காக எல்லா லேபிளிலும் ஊர்ப்பெயருக்குக் கீழே ‘எல்லா ஊருக்கும் ஒரே தூள்’ என்று தெளிவாக அச்சடிப்பித்தேன். அதைப் படித்த பிறகாவது யாராவது கோபப்படுவார்கள் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை. ஓடர் வந்தது. அந்த ‘எல்லா ஊர்’ தூள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். இரண்டு ஊர் கலந்த கலவன் குடும்பங்களுக்கு அது வசதியாம். காரைநகர்க்காரரும் மனைவியும் இப்போது அதைத்தான் எடுக்கிறார்கள். ஒரே சட்டியில் சமைக்கிறார்களாம். இரண்டு ஊருக்கும் நடுவிலே நிற்கிற சுவை, ஆனால் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை என்று இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள்.

பன்னிரண்டாவது தட்டு மச்சாள் சொல்லாமலே வந்துவிட்டது. உத்தியோகத்தர் தன் புதிய பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு, வெற்றிக்கதை சொல்லச் சொன்னார். நான் எழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். எல்லாரும் கொப்பியில் மும்முரமாக எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று தெரியவில்லை.

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுதியிருந்தாள். தகப்பன் ஓர் ஊர், தாய் ஓர் ஊர், தான் பிறந்து வளர்ந்தது அங்கேயே ஸ்காபரோவில், ஆகவே தனக்கு ஸ்காபரோத் தூள் வேண்டும் என்று கேட்டிருந்தாள். பகிடியா என்று இரண்டு தரம் படித்தேன். பகிடி மாதிரித் தெரியவில்லை. அச்சகத்துக்குப் போன் எடுத்து எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மச்சாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த ஊர் குளிர், உறைப்பைக் கொஞ்சம் கூட்டவேண்டும் என்றாள்.