கோவா அன்ரியின் நத்தார் மேசை

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து ராணி அக்காவின் தொலைபேசி வந்தது. அவர் வழக்கமாக ஊர்ப் புதினம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "கோவா அன்ரி மோசம் போயிட்டா, பிள்ளை. நித்திரையிலேயே போயிட்டாவாம்" என்றார். நான் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். இப்போது நாங்கள் கிங்ஸ்பரிக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு பிளேஸ்டோவில் அவர் வீட்டு வாசலில் நிற்பதுபோலத்தான் இருந்தது.

அவருடைய உண்மையான பெயர் ஹலினா. போலந்துக்காரி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு லண்டனுக்கு வந்து, தையல் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் இருந்த நம்மவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அவர் அடுப்படியில் எந்நேரமும் கோவா அவியும். அதனால் நம் பிள்ளைகள் அவருக்குக் கோவா அன்ரி என்று பெயர் வைத்தார்கள். கோவா என்றால் முட்டைக்கோசு என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. "நல்லகாலம், வெங்காயம் எண்டு வைக்காமல் விட்டியள்" என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. ஆனாலும் அவர் பேசியதெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், மூன்று வயது மகள் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு நான் லண்டனில் வந்து இறங்கினேன். ராணி அக்கா தன் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை தந்தார். ஹலினா பக்கத்து வீடு. வந்த கிழமையே மூடி போட்ட பாத்திரத்துடன் வந்து கதவைத் தட்டினார். திறந்து பார்த்தால் கோவா இலையில் சுற்றிய ஏதோ ஒன்று, உள்ளே இறைச்சி. வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். என் கணவர் சிவநேசன் வந்து சேரும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். அதை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு ஏலாது. அந்த மனுசி என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு போனார். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு முன்கோபம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ராணி அக்கா போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் ஹலினா வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். "எங்களுக்கும் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முதல் நாள் இறைச்சி இல்லை. அண்டைக்குச் செய்யிற மாதிரி உனக்குச் செய்யிறன். ஆனால் சும்மா கொண்டுவந்து தரமாட்டன். நீ வந்து சுத்து" என்றார்.

அப்படித்தான் அவருடைய அடுப்படிக்குள் நுழைந்தேன். முழுக் கோவாவின் நடுத்தண்டைக் கத்தியால் குடைந்து எடுத்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் அதைத் தலைகீழாக அமிழ்த்துவார். வெளி இலை இளகியதும் முள்ளுக்கரண்டியால் கிழியாமல் கழற்றி எடுப்பார். இலையின் முதுகில் புடைத்திருக்கும் தடித்த நரம்பைச் சீவி மட்டமாக்கினால்தான் இலை மடியும். உள்ளே வைக்க அரைவேக்காட்டுச் சோறு, பட்டரில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், ஊறவைத்து அரிந்த காய்ந்த காளான், மிளகு, உப்பு. கிழிந்த இலைகளை வீசமாட்டார். அவற்றைப் பானையின் அடியில் பரப்பிவிட்டு அதன் மேல்தான் உருளைகளை நெருக்கி அடுக்குவார். அப்போது அடிப்பிடிக்காது. பிறகு தக்காளிச் சாறு ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் பாரம் வைத்து, சின்ன நெருப்பில் விட்டுவிடுவார்.

நான் மட்டன் ரோல்ஸ் சுற்றிப் பழகிய கை. எண்ணெய் உள்ளே போகக்கூடாது என்று இறுக்கித்தானே சுற்றுவோம். அதே இறுக்கத்தோடு கோவாவையும் சுற்றி அடுக்கினேன். என்னைப்போல ஹலினாவால் இறுக்கிச் சுற்ற முடியாது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. பானையைத் திறந்தபோது அவர் சுற்றியவை எல்லாம் அப்படியே கிடந்தன. நான் சுற்றியவை எல்லாம் வெடித்து, கஞ்சி மாதிரி ஆகிவிட்டன. ஹலினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரிசி இன்னும் அவியேல்லை, பிள்ளை. அது பெருக்கிறதுக்கு இடம் விட வேணும்" என்றார். வெடித்ததையும் வீசவில்லை. இரண்டு பேரும் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டோம். லண்டனுக்கு வந்த பிறகு எனக்கு நாக்கில் ருசி தெரிந்தது அன்றைக்குத்தான்.

அந்த நாட்களில் என் நிலைமை உங்களில் பலருக்குத் தெரியும். என் கணவர், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவருடன் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு, மொஸ்கோவிலிருந்து ஒரு தடவை பேசினார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. கோயிலில் காண்பவர்கள் எல்லாரும், "கவலைப்படாதேங்கோ, வந்திடுவார்" என்பார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஹலினாவிடம் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன், "அவர் வருவாரா?" என்று. அவர் கோவா இலையைச் சீவிக்கொண்டே, "தெரியாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கும் நான் இஞ்சதான் இருப்பன். நீ வா" என்றார். நான் அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். நான் துப்புரவு வேலைக்குப் போன நேரங்களில் தர்ஷினியும் அங்கேதான் இருந்தாள்.

நத்தாருக்கு முதல் நாள் மாலை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். வெள்ளை மேசை விரிப்பு. அதன் கீழே கொஞ்சம் வைக்கோல், அவர்களுடைய வழக்கமாம். லண்டனில் வைக்கோலுக்கு எங்கே போவது? முயலுக்கு விற்பதைக் கடையில் வாங்கி வந்திருந்தார். முயல் எப்போது வரும் என்று தர்ஷினி மேசைக்குக் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். நான் தட்டுகளைப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேர். மேசையில் நாலு தட்டு. நாலாவது தட்டுக்கு முன்னால் கதிரை போட்டு, கரண்டி வைத்து, தண்ணீரும் வைத்திருந்தது. இருக்க ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் தட்டு வைத்துத் தண்ணீரும் வைப்பது நம் வீடுகளில் யாருக்கென்று நான் சொல்லவேண்டுமா? திவசத்துக்குப் படைக்கிற மாதிரி இருந்தது எனக்கு. இவர் செத்துப்போனார் என்று இந்த மனுசி முடிவுகட்டிவிட்டார், அதை வாயால் சொல்ல ஏலாமல் தட்டு வைத்துக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் அடுப்படியிலிருந்து பானையோடு வருவதற்குள் தர்ஷினியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் கோட்டும் போடாமல், வீட்டுச் செருப்போடு தெருவுக்கு ஓடிவந்தார். நான் அழுதுகொண்டே, "என்ர புருசன் சாகேல்லை. ஏன் படைச்சனீங்கள்?" என்று கத்தினேன். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அது செத்தவைக்கு இல்லை, பிள்ளை. வழியில நிக்கிறவைக்கு. இண்டைக்கு ஆர் வந்து கதவைத் தட்டினாலும் இடம் இல்லை எண்டு சொல்லக்கூடாது. அதுக்குத்தான் வைக்கிறது" என்றார். நான் திரும்பிப் போய், அந்தத் தட்டுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இவர் வந்தது அடுத்த வைகாசியில். வழியில் ஒரு நாட்டில் பிடித்து அடைத்துவைத்திருந்திருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து தொலைபேசியில், "நான்தான். வந்திட்டன்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. ஓடிப்போய் வேலிக்கு மேலால் ஹலினாவிடம் சொன்னேன். அவர் கட்டிப்பிடிக்கவும் இல்லை, கடவுளே என்று சொல்லவும் இல்லை. "எத்தினை மணிக்கு வருவார்?" என்று கேட்டுவிட்டுக் கோவா அவிக்கத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

பின்னேரம் இவர் வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஹலினா எங்கள் அறைக்குக் கொண்டுவந்து முன்னால் வைத்த கோவா உருளையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன, கோவாவுக்குள்ள சோறு? உறைப்பு ஒண்டும் இல்லையே" என்று என் காதுக்குள் கேட்டார். "வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்றேன். சாப்பிட்டார். பானை காலியாகும்வரை சாப்பிட்டார். ஹலினா எங்களோடு உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று இவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தத் தெருவில் நம்முடைய ஒவ்வொரு குடும்பமாக வந்து சேர, அவருடைய அடுப்படியும் நிறைந்துகொண்டே வந்தது. நம் பெண்கள் உள்ளே வைக்கும் சோற்றில் பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்தார்கள். முதலில், "இது கோவாவுக்குச் செய்யிற பாவம்" என்று சத்தம் போட்டார். கொஞ்சக் காலத்தில், மிளகாய் போடவில்லையென்றால் ஏன் போடவில்லை என்று கேட்கத் தொடங்கிவிட்டார். தன்னிடம் இருந்த அன்பை வாயால் காட்டத் தெரியாத மனுசி. பிள்ளை மெலிந்திருக்கிறதா, வீட்டில் சண்டையா, வேலை போய்விட்டதா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

ஒன்றை மட்டும் இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. ராணி அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. இவர் வந்த மறுநாள் பானையைக் கழுவிக் கொடுக்கப் போனேன். "நேற்று ஏன் சொல்லாமல் போனனீங்கள்?" என்று கேட்டேன். அப்போதுதான் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். யுத்த நேரம் அவனைப் பிடித்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். உயிரோடு இருக்கிறான் என்றும் தகவல் இல்லை, செத்தான் என்றும் தகவல் இல்லை. "நான் நாடு மாறினன், வீடு மாறினன். ஒவ்வொரு வருசமும் தட்டு வைச்சனான். ஒருத்தரும் வரேல்லை" என்றார். எனக்குக் கிடைத்தது இந்த மனுசிக்குக் கிடைக்கவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அவர் பானையை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அப்பிடி வழியில நிண்ட ஒருத்தர் வந்து, இருந்து சாப்பிடுறதை ஒருக்கால் எண்டாலும் பாக்க வேணும் எண்டு இருந்தனான். நேற்றுப் பாத்திட்டன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான்தான் அழுதேன்.

தனக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்காதது பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தபோது, வயிறு எரியாமல் தண்ணீர் வைக்கப் போன அந்த மனம்தான் அவரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது. அது எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன், அன்ரி.