தொட்டில் இல்லாத ஒரு சாயங்காலம்

கிளியாந்தட்டு ஆடுவது எப்படி என்று முப்பத்தாறு வயதுக்காரிக்குப் பாடம் எடுத்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? அதுவும் கரும்பலகையில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, 'இது நடுக்கோடு. இதன்மேல் நிற்பவர் கிளி எனப்படுவார்' என்று. 1938ஆம் வருஷத்துச் சித்திரை வெயிலில், ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் வளாகத்து ஓட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஏசம்மாள் அதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதினால்தான் மிஷன் பயிற்சியில் தேறியதற்கான சீட்டு கிடைக்கும். சீட்டு கிடைத்தால்தான் மம்சாபுரத்தில் ஒன்பது வருஷமாக அவள் நடத்திவரும் சாயங்காலச் சங்கம் அவள் கையில் இருக்கும்.

சங்கம் என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. பகலில் அவள் மிஷன் ஆரம்பப் பள்ளியில் உதவி டீச்சர். பள்ளி விட்ட பிறகு மிஷன் கோயிலை ஒட்டிய பொட்டலில் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைப்பாள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் நாலு எழுத்தும் எழுத வைப்பாள். கோடை விடுமுறையில் காலையிலும் உண்டு. பையன்கள் பள்ளியிலிருந்து அப்படியே வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் கதை வேறு. தாய்மார் விடியுமுன்னே பருத்திக்காட்டுக்கும் களையெடுப்புக்கும் போய்விடுவார்கள். வீட்டில் மூத்த பெண் பிள்ளைதான் கைப்பிள்ளைக்குக் காவல். ஏழு வயதுப் பெண் இடுப்பில் ஒரு வயதுத் தம்பியோடு வந்தால் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? ஏசம்மாளின் சங்கத்தில் சேர்த்தார்கள். அப்படி வந்த பதினெட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டது அந்தப் பொட்டலில் மட்டும்தான்.

அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். பொட்டலின் ஓரத்துப் பூவரச மரத்தில் தூங்குகிற கைப்பிள்ளைகளுக்காகப் பழைய சேலைகளால் நாலு தொட்டில் கட்டி, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் பிணைத்திருந்தாள். விளையாட்டில் யார் அவுட் ஆகிறாளோ அவள் போய்த் தொட்டிலை ஆட்ட வேண்டும். அடுத்தவள் அவுட் ஆகி வந்ததும் அவளிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பலாம். யாரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரத் தேவையில்லை, எந்தப் பிள்ளையும் கேட்பாரற்று அழத் தேவையில்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளோடு கிடந்து கிடந்து தானாக வந்தது.

பயிற்சி நடத்த வந்தவர் ஏசுவடியான். பாளையங்கோட்டைக்காரர், கல்யாணம் ஆகாதவர், கழுத்தில் விசில். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. இருநூறு பக்கத்துக்குத் தன் கையாலேயே பாடம் எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த இருநூறு பக்கத்தில் எங்கேயும் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகவில்லை. ஒரு பிள்ளையும் பசியோடு வரவில்லை. மாதிரிப் பாடத்துக்கு அவர் நிறுத்தியதும் விடுதிப் பிள்ளைகளை. 'வரிசை' என்றால் வரிசை, 'அமர்' என்றால் அமர்.

மூன்றாம் நாள் அவர் கேட்டார். "விளையாட்டில் அவுட் ஆன பிள்ளையை என்ன செய்வீர்கள்?"

பயிற்சிக்கு வந்த பதினாலு பேரில் மற்றவர்கள் நோட்டுக்குள் குனிந்துகொண்டார்கள். கேட்கிறாரே என்று ஏசம்மாள் எழுந்து தன் தொட்டில் முறையைச் சொன்னாள். கொட்டகையே சிரித்தது. ஏசுவடியானும் சிரித்தார்.

"அம்மா, இது பால்குடி மடம் இல்லை. சங்கத்துக்கு வயது ஆறு முதல் பன்னிரண்டு வரை. கைப்பிள்ளை இருக்கிற இடத்தில் ஒழுங்கு இருக்காது. அவுட் ஆன பிள்ளை கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு, வாய் பொத்தி உட்கார வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்."

"கைப்பிள்ளய விட்டுட்டு வான்னு சொன்னா பொம்பளப் பிள்ளைக வராதுங்கய்யா. விட்டுட்டு வர வீட்ல ஆளு கெடயாது."

"பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதுவும் நம் வேலைதானே?"

எடுத்துச் சொல்வதாம். பருத்திக்காட்டில் நிற்கிறவளிடம் போய், கூலியை விட்டுவிட்டு வந்து பிள்ளையைப் பார் என்று எடுத்துச் சொல்ல வேண்டுமாம். ஏசம்மாளுக்கு வந்த ஆத்திரத்தில் பென்சில் முனை ஒடிந்தது. ஆனாலும் எழுதினாள். சம்மணம் போட்டு. வாய் பொத்தி.

பத்து நாளும் இப்படியே போயிற்று. கைதட்டுவதில் எத்தனை வகை, கண்ணாமூச்சியால் வளரும் நற்குணங்கள், விசிலை நீளமாக ஊதினால் என்ன, குட்டையாக ஊதினால் என்ன. சாயங்காலமானால் அவளுக்கு மம்சாபுரத்து ஞாபகம்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் பெண் பிள்ளைகள் 'ச' வரைக்கும் எழுதியிருந்தார்கள். எல்லாரையும்விட வேகம் வெள்ளத்தாய். எட்டு வயது, வலது இடுப்பில் எந்நேரமும் தம்பி சின்னக்கருப்பன், இடது கையில் கரித்துண்டு. "அடுத்த எழுத்து எப்ப டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். "போய்ட்டு வாரேன்டி, வந்ததும் சொல்லித்தாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஏசம்மாள் வந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் ஏசுவடியான் அறிவித்தார். விடுதிப் பிள்ளைகளை வைத்துப் பரீட்சை வேண்டாம். அவரவர் ஊருக்குத் தானே நேரில் வந்து ஒரு மணி நேரம் பார்ப்பார். பார்த்ததற்குத்தான் மதிப்பெண். தேறாதவர் சங்கத்தை மூடிவிட்டு, தேறிய ஆள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். மம்சாபுரத்துக்கு வியாழக்கிழமை.

ராஜபாளையத்தில் மில் வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்குச் சங்கம் நடத்துகிற ஞானரத்தினம் அவளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள்.

"இதுக்குப் போயி மண்டையப் பிச்சுக்கிடுதியே. அவிய வாரது ஒரு நாளு. ஒரே ஒரு சாயங்காலம் தொட்டில அவுத்து வையி, கைப்பிள்ளைக வேண்டாம்னு சொல்லு. சீட்டு வந்த பொறவு ஒன் இஷ்டம்."

"பொய்யி இல்லையா அது?"

"நீ பத்து நாளா தலைய ஆட்டி ஆட்டி எழுதுனயே, அது என்ன?"

ஏசம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஊருக்கு வந்ததும் தொட்டில்களை அவிழ்த்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். தெருத் தெருவாகப் போய்ப் பெண் பிள்ளைகளிடம் சொன்னாள்: "நாளைக்கி ஒரு நாளு மட்டும் பொட்டலுக்குக் கைப்பிள்ளயக் கொண்டாராதிய. பெரிய ஐயா வாராவ." பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள். யாரிடம் விட்டுவிட்டு வருவாய் என்று அவள் ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் என்ன வரும் என்று தெரியும், அதனாலேயே கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெண் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் எண்ணெய் வைத்துத் தலை சீவி, காலி இடுப்போடு வந்து நின்றபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. ஏசுவடியான் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலைச் சீவினார். வரிசை நன்றாக இருந்தது, பாட்டும் நன்றாக இருந்தது. அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். பிறகு கிளியாந்தட்டு. கோடுகள் நோட்டில் இருந்த அளவுக்கே போட்டிருந்தாள்.

முதலில் அவுட் ஆனவள் சம்மணம் போடவில்லை. வேலியில் இருந்த இடுக்கு வழியாக நுழைந்து ஓடினாள். இரண்டாவது பெண்ணும் அவுட் ஆனதும் அதே இடுக்கு வழியாக ஓடினாள். முதலில் போனவள் திரும்பி வந்து ஆட்டத்தில் நின்றாள். மூன்றாவதும் அப்படியே. ஏசம்மாள் அந்த இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் சொன்ன சொல் மாறவில்லை. பொட்டலுக்குக் கொண்டுவரக் கூடாது என்றாள், அவர்கள் கொண்டுவரவில்லை. வேலிக்கு அந்தப்புறத்து வாகை மரத்தில் அம்மாமாரின் சேலைகளைக் கட்டித் தம்பி தங்கைகளைப் போட்டுவிட்டு, அவுட் ஆன பிள்ளை தொட்டிலுக்கு என்கிற பழக்கத்தை அங்கே நடத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு ஒத்தாசை செய்கிறோம் என்ற பெருமை அத்தனை முகத்திலும் இருந்தது.

"அவுட் ஆன பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள்?" என்று ஏசுவடியான் கேட்டார்.

"தண்ணி குடிக்கய்யா."

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப்புறம் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் காதுக்கு நன்றாகத் தெரிந்த அழுகை. சின்னக்கருப்பனுக்குப் பசி வந்தால் அப்படித்தான் அழுவான். ஏசுவடியான் பென்சிலை நிறுத்தினார்.

"அது யார் பிள்ளை?"

ஒன்பது வருஷம், பதினெட்டுப் பெண் பிள்ளைகள், நாளைக்குப் பொட்டலுக்குப் பூட்டு, எல்லாம் ஒரு நொடிக்குள் ஏசம்மாள் மனதில் வந்து போயிற்று.

"தெரியலிங்கய்யா. யாரு பிள்ளையோ."

வெள்ளத்தாய் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. விளங்காதது ஒன்றைக் கேட்டுவிட்டவளின் பார்வை. அவள் அவுட் ஆகவில்லை, ஆனாலும் கோட்டைத் தாண்டி நடந்தாள். செத்த நேரத்தில் வேலிக்கு அப்பால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் போவது தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏசுவடியான் கை கொடுத்துப் பாராட்டினார். "ஒழுங்கு மிக நன்று" என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: "பெண் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் நடுவே எழுந்து போகும் பழக்கம் உண்டு, திருத்துக."

மறுநாள் காலையில் ஏசம்மாள் தொட்டில்களைத் திரும்பக் கட்டினாள். சாயங்காலம் பதினேழு பேர் இடுப்புப் பிள்ளைகளோடு வந்தார்கள். வெள்ளத்தாய் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஏசம்மாள் அவள் வீட்டுக்கே போனாள். தாய் சுடலையம்மாள் வாசலில் விறகுக்குப் பருத்தி மாறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு பிள்ளையோன்னு சொன்னீகளாமே டீச்சர். ராத்திரி பூரா அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா. டீச்சருக்கு நம்ம தம்பியத் தெரியாதாம்மான்னு."

"சுடலையம்மா, அது வந்து..."

"நான் ஒண்ணும் மனசுல வைக்கல. இப்ப எங்கூடக் காட்டுக்கு வாரா. பிள்ளயும் மரத்தடியில கெடக்கு, இவளுக்கும் அரைக்கூலி குடுக்காவ. அம்புட்டுத்தான்."

ஏசம்மாள் மூன்று முறை போனாள். மூன்றாவது முறை காட்டுக்கே போனாள். வெள்ளத்தாய் பருத்திச் செடிக்குள் குனிந்தவள் நிமிரவில்லை.

சீட்டு ஆனி மாதம் தபாலில் வந்தது. நல்ல கெட்டிக் காகிதம், சிவப்பு முத்திரை. ஏசம்மாள் அதைச் சுவரில் மாட்டவில்லை. மறு வருஷம் பார்வையிட இன்னொரு ஐயா வந்தார். தொட்டில்களைப் பார்த்துவிட்டு இவை யார் பிள்ளைகள் என்று கேட்டார். "என் பிள்ளைகய்யா, அம்புட்டும்" என்றாள். "ஒழுங்கு போதாது" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கடுத்த வருஷமும் அதே கேள்வி, அதே பதில், அதே வரி. மூன்றாம் வருஷம் சீட்டைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தது. கொடுத்துவிட்டாள். சங்கம் கோயில் பொட்டலை விட்டு வேலிக்கு அந்தப்புறம், வாகை மரத்தடிக்குப் போயிற்று. அங்கே யார் சட்டமும் செல்லாது. சீட்டு இல்லாமலே நடக்கும் என்றால் அன்றைக்கு எதற்காக அப்படிச் சொன்னேன் என்று அவள் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் குறைவு.

1943ஆம் வருஷம் ஒரு சாயங்காலம் புதிதாக ஒரு பையன் வந்து நின்றான். ஆறு வயது இருக்கும், வெறும் கையை வீசிக்கொண்டு வந்திருந்தான். ஏசுவடியானின் நோட்டில் எழுதியிருந்தபடியே அச்சாக ஒரு பிள்ளை.

"ஏலே, ஒம் பேரு என்ன?"

"சின்னக்கருப்பன். எங்கக்கா போகச் சொல்லுச்சு."

"அக்கா எங்க?"

"காட்டுல."

ஏசம்மாள் அவனை உட்கார வைத்துப் பலகையைக் கொடுத்தாள். எழுத்து ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். அவன் கரித்துண்டை இடது கையில் பிடித்து, மளமளவென்று எழுதினான். அ தொடங்கி ஔ வரை, பிறகு க, ங, ச. அதோடு நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல அக்காவுக்கே தெரியாதாம். ஒங்ககிட்டக் கேக்கச் சொல்லுச்சு."

ஏசம்மாள் பலகையைக் கையில் வாங்கினாள். சுற்றிப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த எழுத்தை அவளால் உடனே எழுத முடியவில்லை.