மல்லாந்தா, ஒருக்களித்தா?

அவளை எல்லோரும் ‘ஏன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் தாமதமானால் ஏன், எதிர்வீட்டுக்காரர் புதுக் கதவு போட்டால் ஏன். கேட்காவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். பதினோரு வருடம் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக் கழுத்து போனவள், தனக்கென்று ஒரு தலையணை தைத்துப் பார்த்தாள். வலி குறைந்தது. உடனே அதற்கும் ஓர் ஏன். கடைசியில் வேலையையே விட்டுவிட்டு, முன்னறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் அம்மா மட்டும், “ஒண்ணாந்தேதி வரைக்கும் உன் இடத்த வெச்சிருக்கேன். அப்புறம் என்னக் கேக்காதே” என்று சொல்லியிருந்தார். அதற்குள் முப்பது தலையணை விற்றால் வீடு ஓடும். இல்லையென்றால் மறுபடியும் காலர்.

கம்ப்யூட்டர் தெரிந்த கொழுந்தன், தலையணை விற்பதற்கென்றே ஒரு பக்கம் செய்து இணையத்தில் போட்டான்.

“அண்ணி, இதுல ரெண்டு வழி இருக்கு. பார்த்ததும் வாங்கற மாதிரி பட்டன் வைக்கலாம். இல்லேன்னா போன் நம்பர் மட்டும் வாங்கிக்கிட்டு, அப்புறம் கூப்பிட்டுப் பேசி விக்கலாம்.”

“கூப்பிட்டுப் பேசலாமா?” அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஒரே வாரத்தில் நாற்பத்திரண்டு நம்பர். கொடுத்தவர்கள் பாவம், என்ன வம்பில் மாட்டினோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மல்லாந்தா ஒருக்களித்தா, தோள் அகலமா, காலையில் எந்தப் பக்கம் இழுக்கிறது, வீட்டில் வேறு யாருக்கு வலி! ஆளுக்கு அரை மணி நேரம். ஒரு டிரைவர் மாமியாரோடு போட்ட சண்டை வரைக்கும் சொல்லிவிட்டு, “டியூட்டிக்கு நேரமாச்சுங்க” என்று வைத்துவிட்டார். நோட்டு நிரம்பியது. விற்றது நான்கு.

“வாங்க வந்தவங்கள குறுக்கு விசாரணை பண்றீங்களே அண்ணி!” கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். நம்பர் கேட்கும் கட்டத்தைத் தூக்கிவிட்டு, ‘இப்போதே வாங்குங்கள்’ என்று பட்டன் வைத்தான். மூன்றே நாளில் பதினாறு ஆர்டர். இராப்பகலாகத் தைத்து அனுப்பினாள். அடுத்த வாரம் ஒன்பது திரும்பி வந்தன. ஆறு பேருக்கு ரொம்ப உயரமாம், மூன்று பேருக்கு ரொம்பத் தாழ்வாம். எல்லாம் ஒரே அளவுத் தலையணை!

அவளுக்கு அழுகை முட்டியது. மாதம் முடியப் பத்து நாள்தான். ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன ஏன் விடவில்லை. ஒன்பது பேரையும் கூப்பிட்டாள். உயரம் என்ற ஆறு பேரும் மல்லாந்து படுப்பவர்கள். தாழ்வு என்ற மூவரும் ஒருக்களித்துப் படுப்பவர்கள். பழைய நோட்டைப் புரட்டினாள். நாற்பத்திரண்டு பேரிடம் வளவளத்ததில் இந்த ஒரு கேள்விதான் சாறு, மற்றதெல்லாம் சக்கை. ஒன்பது பேருக்கும் அவரவர் உயரத்தில் மாற்றித் தைத்து அனுப்பினாள்.

“தம்பி, பட்டனுக்கு மேல ஒரே கேள்வி வை. எப்படிப் படுப்பீங்க? தெரிஞ்சவங்க அங்கேயே வாங்கிக்கட்டும்.”

“தெரியாதவங்க?”

“அவங்க மட்டும் நம்பர் குடுக்கட்டும். நான் பேசிக்கறேன்.”

“அரை மணி நேரமா?”

“போ தம்பி! அஞ்சே நிமிஷம்.”

மாதக் கடைசியில் கணக்கு இருபத்தொன்பதில் நின்றது. ஒன்றாம் தேதி காலையில், ‘தெரியவில்லை’ என்று அழுத்திய ஒருவரின் நம்பர் வந்திருந்தது. சூப்பர்வைசர் அம்மாவின் நம்பர். உடனே கூப்பிட்டாள்.

“மேடம், வேலைக்கு வர்றேனா இல்லையான்னு...”

“அத விடு. உன் இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?” குரல் தணிந்தது. “பதினோரு வருஷம் உன் பின்னாடியே குனிஞ்சு நின்னு தையலப் பார்த்தவடி நான். எனக்கு மட்டும் கழுத்து என்ன இரும்பா?”

ஊரையெல்லாம் கேட்ட ஏன் அக்கா, இந்த அம்மாவை ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

“எப்படிப் படுப்பீங்க மேடம்?”

“தெரிஞ்சா உனக்கு ஏன்டி நம்பர் குடுக்கறேன்?”

அன்றைக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது.